கண்ணாடிச் சில்லில் ஒட்டுண்ணிகள்: இனங்காண்பது எவ்வாறு?

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு வரிசையை வகுத்துத் தருகிறார். முதலில் நோய் இன்னதென ஆராய வேண்டும். அடுத்து அந்நோய்க்குக் காரணம் யாதென ஆராய வேண்டும். அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும். இவ்வரிசையின் இரண்டாம் படி எத்துணை இன்றியமையாதது என்பதை ஒட்டுண்ணி நோய்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சோகை, வலிப்பு ஆகியன நோயாளி தம் வாயாற் சொல்லும் செய்திகள். இவை ஒவ்வொன்றுக்கும் காரணங்கள் பல. காரணம் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்பவர் பெரும்பாலும் நோயாளியின் கண்ணிற்படாதவர். மருத்துவமனையின் ஒரு மூலையில், சிற்றறை ஒன்றில், நுண்ணோக்கியின்மேல் குனிந்திருக்கும் ஆய்வக நுட்பநரே அவர். அவர் எழுதித் தரும் ஒரு வரியை நம்பி மருத்துவர் மருந்து எழுதுகிறார். அம்மருந்தை நம்பி நோயாளி வீடு திரும்புகிறார். அந்த ஒரு வரி எவ்வாறு பிறக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எற்றுக்கு என வினவுவார் இருத்தல் கூடும். அறிவியலைத் தமிழில் எடுத்துரைப்பதும் தமிழ்த்துறையின் கடனே என்பது ஒரு விடை. மற்றொரு விடையும் உண்டு. செல்லரித்த சுவடியில் எழுத்தை இனங்காணும் பணிக்கும், கண்ணாடிச் சில்லில் உயிரை இனங்காணும் பணிக்கும் முறையால் ஓர் உறவு இருக்கிறது. அவ்வுறவைக் கட்டுரையின் போக்கில் காண்போம்.

ஒட்டுண்ணி என்பது யாது?

பிறிதோர் உயிரின் உடலில் தங்கி, அதனிடமிருந்தே உணவைப் பெற்று, அதற்குக் கேடு விளைத்து வாழும் உயிரை ஒட்டுண்ணி என்கிறோம். மனிதரைப் பற்றும் அக ஒட்டுண்ணிகள் இருபெரும் பிரிவின. அமீபா, ஜியார்டியா, மலேரியா நுண்ணுயிர் முதலிய ஓரணு உயிர்கள் ஒரு பிரிவு. உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு, யானைக்கால் புழு முதலிய புழுக்கள் மற்றொரு பிரிவு.

இவற்றுள் புழுக்கள் வளர்ந்த நிலையில் வெறுங்கண்ணுக்கே புலனாகும். ஆயினும் அவை உடலுக்குள் மறைந்திருப்பதால், அவை இடும் முட்டைகளையோ, ஈனும் இளம் உயிர்களையோ கொண்டுதான் அவற்றின் இருப்பை அறிய வேண்டியுள்ளது. கொக்கிப்புழுவின் முட்டை 60 முதல் 75 மைக்ரான் நீளமுடையது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதக் குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 7 மைக்ரான் குறுக்களவே கொண்டது. மலேரியா நுண்ணுயிரோ அச்சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருப்பது. ஆகவே நுண்ணோக்கியின் துணையின்றி இவ்வுலகினுள் நுழைதல் இயலாது.

கண்டறிந்த வரலாறு

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இப்னு ஸீனா, தம் மருத்துவப் பெருநூலில் குடற்புழுக்களை அவற்றின் வடிவம் பற்றி வகைப்படுத்தினார். அதே காலத்தவரான இப்னு அல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணிற் புகுவதாலேயே காட்சி நிகழ்கிறது என்பதைத் தம் ஒளியியல் நூலில் நிறுவினார். வடிவத்தால் வகுத்தல், ஒளியின் இயல்பை அறிதல் என்னும் இவ்விரண்டும் பின்னாளில் நுண்ணோக்கியின் மேடையில் ஒன்றுசேர்ந்தன.

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளைக் கொண்டு நீர்த்துளியையும் பல்லழுக்கையும் ஆராய்ந்தவர். 1681இல் தமக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோது தம் மலத்தையே வில்லையின்கீழ் வைத்து நோக்கினார். அதில் ஊர்ந்து திரிந்த சிற்றுயிர்களைப் பற்றி எழுதியும் வைத்தார். அவர் கண்டது இன்று ஜியார்டியா எனப்படும் ஒட்டுண்ணியே என்பது அறிஞர் கருத்து. அருவருப்பை ஒதுக்கி அறிவைத் தேடிய அவ்வணிகரிடமிருந்தே இத்துறை தொடங்குகிறது எனலாம்.

அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படை மருத்துவராய்ப் பணிபுரிந்த லாவரான், 1880 நவம்பர் 6ஆம் நாள் காய்ச்சலுற்ற படைவீரர் ஒருவரின் குருதியை நோக்கினார். கருநிறத் துகள்கள் கொண்ட உருண்டை வடிவங்களிலிருந்து மெல்லிய இழைகள் வெளிப்பட்டுத் துடிப்பதைக் கண்டார். துடிக்கும் ஒன்று வெறும் அழுக்காக இருக்க இயலாது. அஃது உயிரே என்று தெளிந்தார். மலேரியா நச்சுக் காற்றால் வருவது என்ற பழங்கருத்து அன்று ஆட்டங்கண்டது.

1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் இரைப்பையை அறுத்து ஆராய்ந்தபோது, அதன் சுவரில் சில வட்ட அணுக்களைக் கண்டார். அவற்றுள்ளும் அதே கருநிறத் துகள்கள் இருந்தன. லாவரான் மனிதக் குருதியிற் கண்ட அடையாளத்தை ராஸ் கொசுவின் வயிற்றிற் கண்டார். அந்த ஓர் அடையாளமே கொசுவையும் காய்ச்சலையும் இணைத்தது. ராஸ் 1902இலும் லாவரான் 1907இலும் நோபல் பரிசு பெற்றனர்.

சென்னையில் நிகழ்ந்த ஒரு தெளிவு

இனங்காணலில் எத்துணை இடர்ப்பாடு உண்டு என்பதற்குக் கருங்காய்ச்சலின் வரலாறு தக்க சான்றாகும். வங்கத்தில் டம்டம் என்னுமிடத்தில் பணிபுரிந்து, காய்ச்சலுற்று இங்கிலாந்தில் இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலை 1900இல் லீஷ்மன் ஆராய்ந்தார். அதில் சிறு முட்டை வடிவங்களையும், ஒவ்வொன்றினுள்ளும் பெரிதும் சிறிதுமாக இரண்டு புள்ளிகளையும் கண்டார். அவற்றை டிரிப்பனோசோமா என்னும் வேறோர் உயிரின் சிதைந்த நிலை எனக் கருதி 1903இல் வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், தம் நோயாளிகளின் மண்ணீரலில் அதே வடிவங்களைக் கண்டார். உயிரோடிருந்த நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியிலும் அவை காணப்பட்டன. ஆகவே அவை இறப்புக்குப் பின் ஏற்பட்ட சிதைவு அல்ல என்பது தெளிவாயிற்று. டோனவனின் சில்லுகளைப் பாரிசில் பார்வையிட்ட லாவரான், அவற்றை வேறோர் இனத்தைச் சார்ந்தவை என வகைப்படுத்தினார். இறுதியில் ராஸ், இஃது அதுகாறும் அறியப்படாத புதிய இனம் எனத் துணிந்து, இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனவனி' எனப் பெயரிட்டார்.

மலேரியா உயிரை முதன்முதலிற் கண்ட பேரறிஞரே இங்கு இனம் பிரிப்பதில் தவறினார் என்பது கருதத்தக்கது. கண்ணிற் பட்ட வடிவம் மூவருக்கும் ஒன்றே. அதற்குக் கொண்ட பொருள்தான் வேறு. காண்பதும் இனங்காண்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மல ஆய்வின் முறை

குடல் ஒட்டுண்ணிகளைக் கண்டறிய மலமே முதன்மையான மாதிரி. கண்ணாடிச் சில்லின் ஒரு பாதியில் ஒரு துளி உப்புநீர்க் கரைசலும், மறுபாதியில் ஒரு துளி அயோடின் கரைசலும் இடப்படும். ஈர்க்குச்சியின் நுனியளவு மலம் இரண்டிலும் கலக்கப்பட்டு, மெல்லிய மூடுசில்லால் மூடப்படும். சில்லுக்கு அடியில் வைத்த அச்செழுத்தைப் படிக்கும் அளவுக்கு அப்படலம் மெல்லியதாக இருத்தல் வேண்டும் என்பது ஆய்வக வழக்கு.

இரண்டு துளிகளும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. உப்புநீரில் உயிர்கள் உயிரோடிருக்கும். அவற்றின் அசைவைக் காணலாம். அயோடின் அவற்றைக் கொன்றுவிடும். ஆயினும் உள்ளிருக்கும் உட்கருக்களைத் துலக்கிக் காட்டும். அசைவை அறிய ஒரு துளி. அமைப்பை அறிய ஒரு துளி. ஒன்றைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறுதல் அரைகுறை ஆகும்.

பார்க்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சிறிய உருப்பெருக்கத்தில் ஒரு மூலையிற் தொடங்கி, உழவன் சால் ஓட்டுவது போல மேலும் கீழுமாக மூடுசில்லின் முழுப்பரப்பையும் கடக்க வேண்டும். ஐயத்திற்குரியது எதிர்ப்படின் பெரிய உருப்பெருக்கத்திற்கு மாற வேண்டும். நடுவில் இரண்டொரு இடத்தைப் பார்த்துவிட்டு எழுவது ஆய்வு ஆகாது.

முட்டைகளை அளவிடும் முறைகளும் உண்டு. காட்டோ, காட்ஸ் என்னும் இருவர் பெயரால் வழங்கும் முறையில், 41.7 மில்லிகிராம் மலம் ஓர் அச்சுத்தகட்டின் துளையால் அளந்தெடுக்கப்படுகிறது. அதிற் காணப்படும் முட்டைகளை எண்ணி 24ஆற் பெருக்கினால், ஒரு கிராம் மலத்தில் உள்ள முட்டைகளின் தொகை கிடைக்கும். ஓர் ஊரில் புழுத்தொல்லை எவ்வளவு, மருந்து கொடுத்த பின் எவ்வளவு குறைந்தது என்பதை இக்கணக்கே காட்டும்.

முட்டைகளின் இலக்கணம்

எழுத்துக்கு வடிவும் அளவும் உண்டு என இலக்கணம் கூறுவது போல, முட்டைகளுக்கும் வடிவு, அளவு, நிறம், ஓடு, உள்ளீடு என ஐந்து அடையாளங்கள் கொள்ளலாம்.

உருளைப்புழுவின் கருவுற்ற முட்டை உருண்டை அல்லது நீள்வட்ட வடிவினது. பித்தநீரின் சாயம் ஏறியதால் பொன்மை கலந்த பழுப்பு நிறமுடையது. அதன் புறவோடு பாகற்காயின் தோல் போலக் கரடுமுரடானது. பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,00,000 முட்டைகள் இடும். ஆகவே புழுக்கள் சிலவே இருப்பினும் முட்டைகள் எளிதில் தென்படும்.

கொக்கிப்புழுவின் முட்டை நிறமற்றது, ஓடு மெல்லியது, நடுவில் நான்கு முதல் எட்டு அணுக்கள் கொத்தாக இருக்க, அவற்றுக்கும் ஓட்டுக்கும் இடையே தெளிந்த இடைவெளி காணப்படும். இப்புழு குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுவதால், வெறுங்காலோடு வயலில் உழைக்கும் மக்களிடையே சோகைக்கு ஒரு பெருங்காரணமாக விளங்குகிறது.

சாட்டைப்புழுவின் முட்டை மத்தளம் போன்றது. இரு முனைகளிலும் ஒளி ஊடுருவும் அடைப்புகள் உண்டு. ஒருமுறை கண்டவர் இதனை மறவார். குழந்தைகளை இரவில் அரிப்பால் உறங்கவிடாத கீரிப்பூச்சியின் முட்டை ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் வளைந்தும் இருக்கும். இதனை மலத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பெண்புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து தோலின்மீது முட்டையிடுவதே காரணம். ஆகவே காலையில் குளிப்பதற்கு முன், ஒட்டுநாடாவை அவ்விடத்தில் ஒற்றியெடுத்துச் சில்லில் ஒட்டிப் பார்க்க வேண்டும். உயிரின் வாழ்க்கை முறையை அறிந்தவரே அதனை உரிய இடத்தில் தேடுவர்.

நம் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் பதப்படுத்தி வைத்துள்ள சில்லுகளை அத்துறை நண்பர்கள் நமக்குக் காட்டினர். பாடநூற் படத்தில் தெளிவாய்த் தோன்றும் முட்டை, சில்லில் நூறு துகள்களுக்கிடையே ஒன்றாய்க் கிடக்கிறது. "இதோ" என்று சுட்டிய பின் அது நன்றாகத் தெரிகிறது. சுட்டுமுன் அங்கே ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. பயிற்சி என்பது யாது என்பதை அங்கு உணர்ந்தோம்.

ஒரு வடிவம், இரண்டு உயிர்கள்

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் இருக்கும். ரகரமும் காலும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். பதிப்பாசிரியர் முன்பின் நோக்கி, இடம் நோக்கித் துணிவார். துணிய இயலாதவிடத்துப் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டுவார். ஆய்வக நுட்பநருக்கும் இதே நிலை ஏற்படுவதுண்டு.

மாட்டிறைச்சி வழி வரும் நாடாப்புழுவின் முட்டையும், பன்றியிறைச்சி வழி வரும் நாடாப்புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் வேறுபாடற்றவை. உதிர்ந்த புழுத்துண்டம் கிடைத்தால், அதிலுள்ள கருப்பையின் கிளைகளை எண்ணிப் பிரித்தறியலாம். முட்டையை மட்டும் கொண்டு அறிய இயலாது. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பன்றி நாடாப்புழுவின் முட்டை மனிதர் வயிற்றிற் புகுந்தால், அதன் இளநிலை மூளையிலும் தங்கி வலிப்பு நோயை உண்டாக்கும்.

இங்கு ஒன்றை நம் சமுதாயத்தார் சிறப்பாகக் கருத வேண்டும். பன்றியிறைச்சியை உண்ணாதார்க்கு இந்நோய் வாராது என்று எண்ணுவது பிழை. இறைச்சியை உண்பதால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு. மூளையைத் தாக்கும் நோயோ, அப்புழு உடையவரின் மலத்திலிருந்து கை வழியாகவோ, நீர் வழியாகவோ, கழுவாத காய்கறி வழியாகவோ பரவும் முட்டைகளால் வருவது. நியூயார்க் நகரில் பன்றியிறைச்சியை முற்றும் விலக்கி வாழும் யூதக் குடும்பத்தினர் சிலருக்கு இந்நோய் வந்ததை 1992இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கிற்று. அவர்தம் இல்லங்களில் பணிபுரிந்தோரை ஆராய்ந்தபோது, ஒருவரிடம் நாடாப்புழுத் தொற்று இருந்தமை கண்டறியப்பட்டது. உணவு விலக்கு ஒரு வாயிலை அடைக்கும். மற்றொரு வாயிலை அடைப்பது கைகளின் தூய்மையே.

அமீபாவிலும் இச்சிக்கல் உண்டு. சீதபேதி உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிக்காவின் முதிர்ந்த உறைநிலையில் நான்கு உட்கருக்கள் இருக்கும். தீங்கற்ற எண்டமீபா கோலியில் எட்டு இருக்கும். அயோடின் துளியில் உட்கருக்களை எண்ணத் தவறினால், தீங்கற்றதற்கு மருந்து கொடுக்க நேரும். இவ்வளவோடும் இடர் தீரவில்லை. ஹிஸ்டாலிட்டிக்காவை முழுதும் ஒத்த, ஆயின் நோய் விளைக்காத 'டிஸ்பார்' என்னும் இனம் ஒன்று தனியே உண்டென 1993இல் உறுதி செய்யப்பட்டது. இவ்விரண்டின் உறைநிலைகளையும் நுண்ணோக்கியால் பிரிக்க இயலாது. இயங்குநிலை அமீபாவினுள் விழுங்கப்பட்ட சிவப்பணுக்கள் காணப்பட்டால் ஹிஸ்டாலிட்டிக்கா எனக் கருதலாம். அவ்வடையாளம் இல்லாதவிடத்து 'ஹிஸ்டாலிட்டிக்கா அல்லது டிஸ்பார்' என்று எழுதுவதே நேர்மையான அறிக்கை. பாடவேறுபாட்டை மறையாது காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மையும் இதுவே.

குருதிப் பூச்சு

மலேரியாவைக் கண்டறிய ஒரே சில்லில் இருவகைப் பூச்சுகள் இடப்படுகின்றன. தடித்த பூச்சில் குருதி மிகுதி. சாயமிடும்போது சிவப்பணுக்கள் கரைந்துவிட, நுண்ணுயிர்கள் மட்டும் எஞ்சும். 'உண்டா, இல்லையா' என்னும் வினாவுக்கு இது விடை தரும். மெல்லிய பூச்சில் சிவப்பணுக்கள் ஒரே அடுக்காக, வடிவு குலையாமல் நிற்கும். 'எவ்வினம்' என்னும் வினாவுக்கு இது விடை தரும். ஜீம்சா, லீஷ்மன் முதலியோர் வகுத்த சாயங்கள் நுண்ணுயிரின் உட்கருவைச் செந்நிறமாகவும் உடலை நீல நிறமாகவும் காட்டும். இந்தியாவில் ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி ஆகிய இருவர் 1944இல் வகுத்த சாயமும் நம் நாட்டு ஆய்வகங்களில் பெருவழக்கினதாயிற்று.

நம் நாட்டில் மிகுதியும் காணப்படும் இனங்கள் இரண்டு. வைவாக்ஸ் இனம் குடிபுகுந்த சிவப்பணு இயல்பினும் பருத்துவிடும்; அதில் செம்புள்ளிகள் பரவியிருக்கும். பால்சிபாரம் இனம் புகுந்த சிவப்பணு பருப்பதில்லை. மெல்லிய சிறு வளையங்கள், ஓரணுவிலேயே இரண்டு வளையங்கள், பிறைநிலா வடிவப் பாலணுக்கள் ஆகியன அதன் அடையாளங்கள். பால்சிபாரத்தின் முதிர்ந்த நிலைகள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்வதால், விரல்நுனிக் குருதியில் வளையங்களும் பிறைகளுமே பெரும்பாலும் தென்படும். மூளையின் நுண்குழாய்களை அடைத்து உயிரைப் போக்குவதும் இவ்வியல்பே.

இனம் மாறினால் மருத்துவமும் மாறும். பால்சிபாரத்தை வைவாக்ஸ் எனப் பிழைபட எழுதினால், நோயாளியின் உயிருக்கே ஊறு நேரலாம். வைவாக்ஸோ கல்லீரலில் உறங்குநிலையில் தங்கிப் பல மாதங்களுக்குப் பின்னும் மீண்டெழுவது. அதனை அடியோடு களையத் தனி மருந்து வேண்டும். இனம் குறிக்காமல் 'மலேரியா உண்டு' என்று மட்டும் எழுதுவது, எழுவாய் இருந்தும் பயனிலை இல்லாத வாக்கியம் போன்றது.

யானைக்கால் நோயில் காலமும் ஓர் அடையாளம் ஆகிறது. அப்புழுவின் இளம் உயிர்கள் பகலில் நுரையீரல் குழாய்களில் தங்கி, இரவில் வெளிக்குருதிக்கு வருகின்றன. இரவிற் கடிக்கும் கொசுவோடு அவற்றின் வாழ்வு பிணைந்திருப்பதால் இவ்வொழுங்கு. ஆகவே இரவு 10 மணிக்கு மேல் குருதி எடுத்தல் வேண்டும். பகலில் எடுத்த குருதியில் ஒன்றும் காணாமை நோயின்மைக்குச் சான்றாகாது. காணப்பட்ட உயிரின் வால்நுனியில் உட்கருக்கள் இல்லையேல் உச்சரேரியா பான்கிராப்டி. நுனியில் இரண்டு உட்கருக்கள் தனித்து நிற்குமேல் புரூகியா மலாயி. வால்நுனியின் இரு புள்ளிகள் இனத்தையே பிரித்துக் காட்டுகின்றன.

போலிகள்

இலக்கணத்தில் போலி என ஒன்றுண்டு, ஆய்வகத்திலும் உண்டு. செடிகளின் மகரந்தத் தூள் முட்டை போலத் தோன்றும். உண்ட காய்கறியின் நார் புழு போலத் தோன்றும். காற்றுக்குமிழியும் கொழுப்புத் துளியும் உறைநிலை போலத் தோன்றும். சீழணு அமீபா போலத் தோன்றும். சிவப்பணுவின்மேல் படிந்த குருதித்தட்டும் சாயத்தின் படிவும் மலேரியா நுண்ணுயிர் போலத் தோன்றி மயக்கும். வில்லையின் குவியத்தைச் சற்றே மாற்றினால், மேலே படிந்தது வேறு, உள்ளே இருப்பது வேறு என்பது புலப்படும். அளவுகோல் வில்லையால் அளந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். ஓர் அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்யாது, எல்லா அடையாளங்களும் ஒத்துவரும்போதே முடிவு செய்தல் அறிஞர் நெறி.

'இல்லை' என்னும் சொல்

'உண்டு' என எழுதுவதற்கு ஒன்றைக் கண்டால் போதும். 'இல்லை' என எழுதுவதற்கோ முழுதும் தேடியிருத்தல் வேண்டும். மலேரியாவுக்குத் தடித்த பூச்சில் குறைந்தது 100 காட்சிப்புலங்களை எண்ணெய் வில்லையால் நோக்கிய பின்னரே 'இல்லை' எனல் வேண்டும். ஒட்டுண்ணிகள் நாள்தோறும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஆகவே ஐயம் நீடித்தால் வெவ்வேறு நாள்களில் எடுத்த மூன்று மல மாதிரிகளை ஆராய்தல் வழக்கம்.

நுட்பநர் எத்தனை காட்சிப்புலங்களை நோக்கினார் என்பதை அவரன்றி வேறெவரும் அறியார். வரிசையில் ஐம்பது சில்லுகள் காத்திருக்க, மேற்பார்ப்பவர் எவரும் இல்லாத அறையில், நூறாவது புலத்தையும் பொறுமையோடு நோக்குவது மனச்சான்றின் பணி.

புழுநீக்க மருந்தைப் பள்ளி மாணவர்க்கு வழங்கும் தேசியத் திட்டம் 2015 முதல் நடைபெறுகிறது. யானைக்கால் நோய்க்கு எதிராகப் பெருந்திரள் மருந்து வழங்கல் 2004 முதல் நம் நாட்டில் நடைபெற்று வருகிறது. 2012க்குப் பின் மூன்றாண்டுகளுக்கு மேல் உள்ளூர்த் தொற்று பதிவாகாமையால், இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இவை மகிழத்தக்கன. ஆயினும் நோய் குறையக் குறைய, சில்லில் முட்டைகள் அரிதாகும். அரிதானவற்றைக் காணக் கண் இன்னும் கூர்மையாக வேண்டும். அயல்நாட்டிலிருந்து ஒருவர் காய்ச்சலோடு வந்திறங்கும் நாளில், பார்த்துப் பழகிய கண் ஒன்றேனும் அங்கிருத்தல் வேண்டும்.

விரைவுச் சோதனை அட்டைகளும் மரபணுச் சோதனைகளும் இன்று வந்துள்ளன. அவை பெருந்துணை புரிகின்றன. எனினும் சில அட்டைகள், நோய் தீர்ந்த பின்னும் சில வாரங்கள் 'உண்டு' என்றே காட்டும். குறிப்பிட்ட புரதத்தை இழந்த பால்சிபாரத்தை 'இல்லை' எனக் காட்டிவிடும். இன்னமும் நுண்ணோக்கிக்கு வேலை உண்டு.

நாம் செய்யத்தக்கன

மாதிரி கொடுப்பவர்க்கும் பொறுப்பு உண்டு. மலத்தைத் தூய, உலர்ந்த, அகன்ற வாயுடைய கலத்தில், சிறுநீரும் நீரும் கலவாமல் எடுத்தல் வேண்டும். மருந்து உண்ணத் தொடங்குமுன் எடுத்தல் நன்று. நீர்த்த மலமாயின் அரைமணி நேரத்திற்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாழ்த்தால் அமீபா அசைவை இழந்து அழிந்துவிடும். நம் இல்லங்களில் முதியோரும் பெண்டிரும் கூச்சத்தால் மாதிரி கொடுக்க மறுப்பதும், பழைய மருந்துச்சீட்டைக் கொண்டே மருந்து வாங்கி உண்பதும் காணக்கூடியன. அக்கூச்சத்தால் சோகையோடும் வலிப்போடும் வாழ்நாளைக் கழிப்போர் உளர். கூச்சத்தைப் போக்கும் சொற்களைச் சொல்ல வேண்டியவர் இல்லத்துப் பெரியோரும் ஆசிரியருமே.

தமிழ் கற்கும் மாணவர்க்கும் இங்கே பணி உண்டு. யானைக்கால், நரம்புச்சிலந்தி, கீரிப்பூச்சி என நம் மக்கள் தாமே கண்டு இட்ட பெயர்கள் பொருள் பொதிந்தவை. அவற்றுள் நரம்புச்சிலந்தி, 'மெதினா' நகரின் பெயரால் அறிவியலில் வழங்குவது; 2000இல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடாகச் சான்று பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவக் கல்வியைத் தமிழிற் புகட்டி, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவ்வழியைத் தொடர்ந்து, ஆய்வக அறிக்கையில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை ஒரு தாய் தன் மொழியில் படித்தறியும் நிலையை உண்டாக்குவது நம் தலைமுறையின் கடமையாகும்.

முடிவுரை

கண்ணாடிச் சில்லின்மீது ஒட்டுண்ணியை இனங்காணும் பணியில் கருவி ஒரு பங்கு. கல்வி ஒரு பங்கு. பொறுமையும் நேர்மையும் எஞ்சிய பங்கு. வடிவை நோக்கி, அளவை அளந்து, போலியை விலக்கி, துணிந்ததைத் துணிவென்றும் ஐயத்தை ஐயமென்றும் எழுதும் நெறி ஏடு பதிப்பிப்பார்க்கும் சில்லை நோக்குவார்க்கும் பொதுவானது. ஏட்டில் பிழை நேர்ந்தால் மறுபதிப்பில் திருத்தலாம். சில்லில் நேரும் பிழையை நோயாளி தம் உடலாற் சுமக்கிறார். ஆகவே அப்பணியைச் செய்வோர் நம் மதிப்புக்கும் நன்றிக்கும் உரியவர்கள். நம் மாணவர் சிலரேனும் அவ்விருக்கையில் அமர வேண்டும் என்பது நம் விழைவு.